அணுக்கருவின் கணக்கு



தமிழ் இலக்கணம் பயின்றோர் 'பொற்றொடி வந்தாள்' என்னும் எடுத்துக்காட்டை மறந்திருக்கமாட்டார்கள். பொன் என்பது ஒரு சொல். தொடி என்பது மற்றொரு சொல். இரண்டும் சேர்ந்தால் பொன்னாலாகிய வளையல் என்று பொருள்படும். ஆனால், 'வந்தாள்' என்னும் மூன்றாவது சொல் அருகே வந்து நின்றவுடன் வளையல் மறைந்து, அதனை அணிந்த பெண் தோன்றிவிடுகிறாள். பொன்னைத் தனியே ஆராய்ந்தாலும், தொடியைத் தனியே ஆராய்ந்தாலும், இரண்டையும் சேர்த்து ஆராய்ந்தாலும் அந்தப் பெண்ணைக் காண இயலாது. மூன்றாவது சொல்லே அவளை அழைத்து வருகிறது. இதனை அன்மொழித்தொகை என்று நம் இலக்கண நூலோர் வகுத்து வைத்தனர்.

நான் பௌதிகம் பயின்றவனல்லேன். மொழிபெயர்ப்பே என் தொழில். ஆயினும், அணுக்கருவைப் பற்றி அறிஞர்கள் எழுதியவற்றைப் படித்து வருகையில், இந்த இலக்கண விதியை ஒத்த ஒரு விதி அணுக்கருவுக்குள்ளும் நடைபெறுவதைக் கண்டு வியப்புற்றேன். இருவருக்கு இடையே உள்ள உறவை முற்ற அறிந்துவிட்டாலும், மூன்றாமவர் வந்தபோது என்ன நிகழும் என்பதை அதிலிருந்து முழுவதும் சொல்லிவிட முடியாது. இந்த உண்மையை அறிஞர்கள் எப்படி உறுதிசெய்தனர், அதற்குக் கணிப்பொறிகள் எவ்வாறு துணை நின்றன, அதனால் நமக்கு ஆவதென்ன என்பவற்றை இன்றைய பேச்சில் சொல்ல முயல்கிறேன்.

முதலில் அணுக்கரு என்பது யாது எனக் காண்போம். அணுவின் நடுவே மிகச் சிறிய, மிகக் கனத்த கரு ஒன்று உண்டு என்பதை 1911-ஆம் ஆண்டில் ரூதர்போர்டு அறிவித்தார். அக்கருவுக்குள் நேர்மின்னேற்றமுடைய புரோட்டானும், மின்னேற்றம் இல்லாத நியூட்ரானும் இருக்கின்றன. நியூட்ரானைச் சாட்விக் 1932-இல் கண்டறிந்தார். இவ்விரு வகையினருக்கும் பொதுப்பெயர் நியூக்ளியான் என்பது. ஒரு மீட்டரைக் கோடி பாகமாக்கி, அவற்றுள் ஒன்றை மீண்டும் கோடி பாகமாக்கி, அதிலும் ஒன்றைப் பத்தாகப் பிரித்தால் கிடைக்கும் அளவுக்குப் பெர்மி என்று பெயர். சிறிய அணுக்கருக்களின் ஆரம் இரண்டு மூன்று பெர்மிதான்.

இத்தனை நெருக்கத்தில் புரோட்டான்கள் ஒன்றையொன்று மின்விசையால் தள்ள வேண்டும். கரு சிதறிப்போக வேண்டும். அங்ஙனம் சிதறாமல் அதனைக் கட்டி வைத்திருப்பது எது? ஜப்பானிய அறிஞர் யுகாவா 1935-இல் இதற்கு ஒரு விடை கூறினார். இரண்டு நியூக்ளியான்கள் தமக்குள் ஒரு துகளைக் கொடுத்து வாங்கிக்கொள்கின்றன. அந்தக் கொடுக்கல் வாங்கலே அவற்றைப் பிணைக்கும் விசை என்பது அவர் கருத்து. பையான் என்று பின்னர்ப் பெயர் பெற்ற அந்தத் துகளை 1947-இல் பிரிஸ்டலில் பவல் என்பாரும் அவர் குழுவினரும் கண்டனர். யுகாவாவுக்கு 1949-இல் நோபல் பரிசு கிடைத்தது.

அணுக்கரு விசையின் குணம் விசித்திரமானது. இரண்டு நியூக்ளியான்கள் ஒன்றிரண்டு பெர்மி தொலைவில் நிற்கும்போது வலுவாக இழுக்கும். அரைப் பெர்மிக்கும் குறைவாக நெருங்கினால் கடுமையாகத் தள்ளும். சில பெர்மி விலகினால் இருக்குமிடமே தெரியாது. இது போதாதென்று, அவ்விரண்டும் எத்திசையை நோக்கிச் சுழல்கின்றன என்பதைப் பொறுத்தும் விசை மாறும். ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் மட்டும் சேர்ந்த கரு டியூட்டிரான். அது சரியான உருண்டையாய் இராமல் சற்றே நீண்டிருக்கிறது என்பதை ராபியும் அவருடைய துணைவர்களும் 1939-இல் அளந்து காட்டினர். திசையைச் சார்ந்த இந்த விசையே அதற்குக் காரணம்.

இருவருக்கிடையே உள்ள இவ்விசையை எப்படி அறிவது? ஒரு நியூக்ளியான்மேல் மற்றொன்றை எறிந்து, எந்தெந்தக் கோணத்தில் எத்தனை சிதறுகின்றன என்று அளப்பதே வழி. உலகின் பல ஆய்வுக்கூடங்களில் பல்லாண்டுகளாகச் செய்த அளவைகளை நெதர்லாந்தின் நைமேகன் நகரத்து அறிஞர்கள் சலித்துத் தொகுத்தனர். அவற்றுள் நம்பத்தக்க 4,301 அளவைகளைக் கொண்டு, 1995-ஆம் ஆண்டில், சிகாகோ நகருக்கு அருகிலுள்ள ஆர்கோன் தேசிய ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வைரிங்கா என்பாரும் அவருடைய துணைவர்களும் ஒரு விசைச் சூத்திரம் அமைத்தனர். அதில் பதினெட்டு உறுப்புகள் உண்டு. ஆதலின் அதற்கு 'ஆர்கோன் பதினெட்டு' என்று பெயர் வழங்கலாயிற்று. இருவர் சந்திக்கும்போது நிகழ்வதை அந்தச் சூத்திரம் மிகச் சரியாகச் சொல்லிவிடும்.

இனி, அந்தச் சூத்திரத்தைக் கொண்டு மூன்று, நான்கு, பன்னிரண்டு நியூக்ளியான்கள் கூடிய கருவைக் கணக்கிட வேண்டியதுதானே என்று தோன்றும். சொல்லுதல் எளிது, செய்வது அரிது. அதன் அருமையைச் சற்று விளக்குகிறேன்.

பன்னிரண்டு நியூக்ளியான்கள் கொண்ட கார்பன் கருவை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் இரு திசைகளுள் ஒன்றில் சுழலலாம். ஆகவே பன்னிரண்டுக்கும் சேர்த்து 4,096 வகைகள். பன்னிரண்டில் எந்த ஆறு புரோட்டான்கள் என்பதற்கு 924 வகைகள். இரண்டையும் பெருக்கினால் 37,84,704. இத்தனை நிலைகளும் ஒருங்கே கலந்திருப்பதுதான் கார்பன் கரு என்கிறது குவாண்டம் இயல். மேலும், ஒவ்வொரு நியூக்ளியானும் எங்கே இருக்கிறது என்று குறிக்க மூன்று எண்கள் வேண்டுமாதலால், ஒவ்வொரு நிலைக்கும் முப்பத்தாறு எண்களைச் சார்ந்த ஒரு கணிதக் கோவை உண்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் பத்தே பத்து மதிப்புகளைப் போட்டுப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டாலும், ஒன்றுக்குப் பின் முப்பத்தாறு சுழிகள் இடும் அளவுக்குக் கணக்குகள் வந்துவிடும். எந்தக் கணிப்பொறியாலும் அத்தனையையும் செய்து முடிக்க இயலாது.

இன்னொரு தொல்லையும் உண்டு. நம்மில் மாதச் சம்பளக்காரர்களுக்கு அது எளிதில் விளங்கும். இருபத்திரண்டாயிரம் வரவு, இருபதாயிரம் செலவு, மிச்சம் இரண்டாயிரம் என்று ஒரு குடும்பக் கணக்கு இருந்தால், செலவைப் பத்துக்கு ஒரு பங்கு தவறாக மதிப்பிட்டாலே மிச்சம் முழுவதும் கரைந்துபோகும். அணுக்கருவின் கணக்கும் அத்தகையது. டியூட்டிரானில் இழுப்பு விசையால் வரும் சக்தி, மேற்சொன்ன சூத்திரத்தின்படி, ஏறத்தாழ 22 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். துகள்களின் ஓட்டத்தால் செலவாவது ஏறத்தாழ 20. எஞ்சி நின்று கருவைப் பிணைப்பது 2.2 மட்டுமே. மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் என்பதை இனி 'அலகு' என்றே சொல்லுகிறேன்.

இந்த மலைப்பான கணக்குக்கு வழி காட்டியது, வியப்பாக இருப்பினும், சூதாட்டத்தின் பெயரைக் கொண்ட ஒரு முறை. எல்லா இடங்களையும் பார்க்க இயலாவிடில், தற்செயலாகப் பொறுக்கி எடுத்த சில இடங்களைப் பார்த்து முழுமையை மதிப்பிடலாம். ஒரு மூட்டை அரிசியின் தரமறிய வியாபாரி குத்தூசியால் பல இடங்களில் குத்தி எடுத்துப் பார்ப்பதில்லையா, அது போல. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் லாஸ் அலமாஸில் உலாம், வான் நியூமன், மெட்ரோபோலிஸ் முதலியோர் வகுத்த இம்முறைக்கு, சூதாட்ட விடுதிக்குப் புகழ் பெற்ற மான்டி கார்லோவின் பெயர் இடப்பட்டது. மால்வின் கேலோஸ் 1962-இல் இதனை மூன்று, நான்கு நியூக்ளியான்கள் கொண்ட கருக்களுக்குப் பயன்படுத்தினார். ஜோசப் கார்ல்சன் 1980-களில் இதை உண்மையான அணுக்கரு விசைகளுக்கு ஏற்ப வளர்த்தார்.

அவர்கள் செய்வது இதுதான். கருவின் அமைப்பு இப்படி இருக்கலாம் என்று முதலில் ஒரு மதிப்பீட்டைக் கொள்வார்கள். அது கலங்கிய நீர் போன்றது. உண்மையான அமைப்பும், அதனோடு வேண்டாத உயர்சக்தி நிலைகளும் அதில் கலந்திருக்கும். நம் வீடுகளில் தேற்றாங்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் தேய்த்து வைத்தால் வண்டல் படிந்து நீர் தெளிவதைப் போல, கணிப்பொறியில் சிறு சிறு படிகளாகக் கணக்கை நகர்த்த நகர்த்த, வேண்டாத நிலைகள் விரைவில் தேய்ந்து மறையும். மிகத் தாழ்ந்த சக்தியுடைய உண்மை நிலை தெளிந்து நிற்கும்.

இந்தத் துறையை வளர்த்தோருள் ஒருவர் நம் நாட்டவர். விஜய் பந்தரிபாண்டே 1940-இல் நாகபுரியில் பிறந்தார். அங்கேயே கல்லூரிப் படிப்பை முடித்து, மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். பின்னர் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். அப்பல்கலைக்கழகம் அமைந்த அர்பானா நகரின் பெயராலும், இல்லினாய் மாநிலத்தின் பெயராலும் அவரும் அவருடைய துணைவர்களும் அமைத்த விசைச் சூத்திரங்கள் இன்றும் வழங்குகின்றன. 2006-ஆம் ஆண்டில் அவர் காலமானார். நாகபுரியிலும் மும்பையிலும் வாழும் தமிழ் நேயர்கள், தங்கள் ஊரோடு தொடர்புடைய இப்பெயரை அறிந்து வைத்திருப்பது நன்று.

இப்போது கணக்கின் விடைக்கு வருவோம். இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் கொண்ட ஹீலியம் கருவைப் பிரித்தெடுக்க வேண்டிய சக்தி 28.3 அலகு. இது ஆய்வுக்கூடத்தில் அளந்த எண், ஐயத்துக்கு இடமில்லை. ஆர்கோன் பதினெட்டைக் கொண்டு கணக்கிட்டால் வருவதோ ஏறத்தாழ 24 அலகுதான். நான்கு அலகு குறைகிறது. ஒரு புரோட்டானும் இரண்டு நியூட்ரான்களும் கொண்ட டிரைட்டான் கருவிலும் இதே கதை, அளந்தது 8.48, கணக்கிட்டது 7.6.

இங்கே ஒரு வழக்கு எழுகிறது. குற்றம் யாருடையது? கணக்கைச் செய்த முறையில் பிழையா, விசையைப் பற்றிய நம் அறிவில் குறையா? இதைத் தீர்க்காமல் மேலே செல்ல முடியாது. ஆகவே பல நாட்டு அறிஞர்கள் கூடி ஒரு சோதனை செய்தனர். ஒரே ஹீலியம் கரு, ஒரே விசைச் சூத்திரம். ஆனால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஏழு வெவ்வேறு கணித முறைகள். 2001-இல் அவர்கள் விடைகளை வெளியிட்டபோது, ஏழும் நூற்றுக்கு ஒரு பங்குகூட வேறுபடாமல் ஒத்திருந்தன. ஏழு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் தந்த பிறகு கணக்கின்மேல் குற்றம் சாட்ட இயலாது. குறை விசையில்தான் இருக்க வேண்டும்.

ஆனால், இருவருக்கிடையே உள்ள விசையோ ஆயிரக்கணக்கான அளவைகளோடு ஒத்துப் பார்த்தது. அதிலும் பெருங்குறை இருக்க வழியில்லை. எனவே ஒரே முடிவுதான் எஞ்சுகிறது: மூன்றாமவர் அருகில் இருக்கும்போது மட்டும் தோன்றும் புதிய விசை ஒன்று உண்டு.

இதனை ஜப்பானிய அறிஞர்களான புஜிதாவும் மியாசாவாவும் 1957-இலேயே எடுத்துரைத்திருந்தனர். மூன்று நியூக்ளியான்கள் அருகருகே நிற்கின்றன எனக் கொள்வோம். முதலாவது அனுப்பிய பையானை நடுவில் நிற்பது வாங்கிக்கொள்கிறது. வாங்கியவுடன் அது கிளர்ச்சியடைந்து, கனம் மிகுந்து, சிறிது நேரம் வேறொரு துகளாகவே மாறி நிற்கிறது. அந்தக் கிளர்ச்சி அடங்கும் முன்னரே மற்றொரு பையானை மூன்றாவதற்கு அனுப்பிவிடுகிறது. இங்கே நடந்த கொடுக்கல் வாங்கலை முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் ஒன்று, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் ஒன்று என இரண்டு தனிக் கணக்காகப் பிரிக்க முடியாது. 'பொற்றொடி வந்தாள்' என்பதைச் சொல் சொல்லாகப் பிரித்து மொழிபெயர்த்தால் பெண் காணாமற்போவாள் அன்றோ? அவ்வாறே இதனையும் இருவர் இருவராகப் பிரித்தால் விசையின் ஒரு பகுதி காணாமற்போகும். ஹீலியத்தில் குறைந்துபோன நான்கு அலகு அதுதான்.

நேயர்களுள் கணக்கு எழுதிப் பழகியவர்கள் இங்கே ஐயுறக்கூடும். பேரேட்டில் தொகை ஒத்துவரவில்லை என்றால் 'அனாமத்து' என்று ஒரு வரி எழுதிச் சரிக்கட்டும் வழக்கம் உண்டு. குறைந்த நான்கு அலகை நிரப்புவதற்காக மூவர் விசை என்று ஒன்றைப் புகுத்தினால், அதுவும் ஓர் அனாமத்துக் கணக்குத்தானே? இந்த ஐயம் நியாயமானது. அறிஞர்களும் தம்மைத்தாமே இப்படிக் கேட்டுக்கொண்டனர். மூவர் விசையின் வலிமையைச் சில கருக்களைக் கொண்டு அளவிட்டு நிறுத்திய பிறகு, அதே விசையால் வேறு கருக்களின் குணங்களும் தாமே சரியாக வர வேண்டும். அவ்வாறு வந்தால்தான் அது உண்மை, வாராவிடில் அனாமத்து.

போரான் கரு இதற்கு நல்ல சான்று தந்தது. ஐந்து புரோட்டான்களும் ஐந்து நியூட்ரான்களும் கொண்ட இக்கருவின் மொத்தத் தற்சுழற்சி, அதன் தாழ்நிலையில், 3 என்பது ஆய்வுக்கூடம் கண்ட உண்மை. இருவர் விசையை மட்டும் கொண்டு கணக்கிட்டால் 1 என்று விடை வருகிறது. இது அளவில் சற்றுக் கூடுதல் குறைவு என்று ஒதுக்கத்தக்க பிழையன்று. கருவின் அமைப்பையே மாற்றிச் சொல்லும் பிழை. மூவர் விசையை முறையாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது தற்சுழற்சி 3 என்றே வந்தது. ஆர்கோனிலும் லிவர்மோரிலும் 2002, 2003-ஆம் ஆண்டுகளில், வேறு வேறு முறைகளால், வேறு வேறு குழுவினர் இதனைக் காட்டினர்.

மற்றோர் ஐயத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். மூவர் விசை உண்டென்றால், நால்வர் விசை, ஐவர் விசை என்று முடிவின்றிப் போகாதா? ஸ்டீவன் வெயின்பர்க் 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு ஓர் ஒழுங்கு காட்டினார். இருவர் விசை பெரியது. மூவர் விசை அதனினும் சிறியது. நால்வர் விசை அதனினும் சிறியது. எந்தப் படியில் நிறுத்துகிறோமோ, அதற்கேற்ப எவ்வளவு பிழை எஞ்சியிருக்கும் என்பதையும் முன்கூட்டியே மதிப்பிடலாம். கணக்கின் விடையோடு அதன் ஐயப்பாட்டையும் சேர்த்து எழுதும் நல்ல பழக்கம் இத்துறையில் இதனால் வேரூன்றியது.

மூவர் விசை வேறு. மூவர் கூடினால்தான் நிலைபெறும் கருக்கள் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது. இரண்டு நியூட்ரான்கள் தமக்குள் சேர்ந்து நில்லா. ஹீலியம் கருவோடு ஒரு நியூட்ரான் மட்டும் சேர்ந்தாலும் நில்லாது. ஆனால், ஹீலியத்தோடு இரண்டு நியூட்ரான்கள் சேர்ந்தால் ஹீலியம்-6 என்னும் கருவாகி, சராசரியாக ஒரு விநாடிக்குச் சற்று மேல் நிற்கும். மூன்று கழிகளை ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வைத்தால் நிற்பதும், ஒன்றை எடுத்தால் மற்ற இரண்டும் விழுவதும் போல இது. விண்மீன்களுக்குள் கார்பன் உண்டாவதும் இத்தகைய ஒரு சந்திப்பினால்தான். இரண்டு ஹீலியம் கருக்கள் சேர்ந்த பெரிலியம்-8 கண்ணிமைப்பதற்குள் பல கோடி முறை பிறந்து அழியத்தக்க அற்பாயுள் உடையது. அது அழியும் முன் மூன்றாவது ஹீலியம் வந்து சேர வேண்டும். அவ்வாறு சேர்வதற்கு ஏற்ற ஒரு நிலை கார்பனில் இருந்தே தீர வேண்டும் என்று பிரெட் ஹாயில் வற்புறுத்த, 1953-இல் கலிபோர்னியாவில் அதனைத் தேடிக் கண்டனர். 7.65 அலகில் உள்ள அந்த நிலையை, 2011-இல், ஜெர்மனியின் யூலிக் நகரத்துப் பெரிய கணிப்பொறியில், அடிப்படை விசைகளிலிருந்தே கணக்கிட்டு எடுத்தனர்.

மூவர் விசையின் செல்வாக்குச் சிறிய கருக்களோடு நின்றுவிடவில்லை. நியூட்ரான் விண்மீன்கள் எவ்வளவு கனம் வரை நொறுங்காமல் நிற்கும் என்பதையும் அது தீர்மானிக்கிறது. மிக நெருக்கமான நிலையில் அது தள்ளும் விசையாகச் செயல்படுவதே காரணம். பந்தரிபாண்டேயும் துணைவர்களும் 1998-இல் அதனைச் சேர்த்துக் கணக்கிட்டுச் சூரியனைப் போல் ஏறத்தாழ 2.2 மடங்கு என்று வரம்பு கட்டினர். சூரியனைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு கனமுள்ள நியூட்ரான் விண்மீன்களை 2010-இலும் 2013-இலும் வானியலார் கண்டு அறிவித்தபோது, அக்கணக்கு அதற்கு இடங்கொடுத்தது. இருவர் விசையை மட்டும் கொண்ட அவர்களுடைய கணக்கில் வரம்பு இரு மடங்கையும் எட்டவில்லை.

விண்மீனிலிருந்து நம் மண்ணுக்கு வருவோம். கீழடியில் கிடைத்த பொருள்களுள் ஒன்றின் காலம் கி.மு. 580 என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. தில்லியிலும் கொல்கத்தாவிலும் இருக்கும் நம்மவர்கள்கூட அச்செய்தியைப் பெருமையோடு பேசிக்கொண்டோம். அந்தக் காலத்தை அளந்த கடிகாரம் எது? கார்பன்-14 என்னும் கரு. உயிருள்ளவை யாவும் காற்றிலிருந்து வரும் இந்தக் கார்பனைச் சிறிதளவு தம் உடலில் ஏற்கின்றன. உயிர் நீங்கிய பின் புதிதாக ஏற்பதில்லை. இருந்தது மெல்ல மெல்ல நைட்ரஜனாக மாறுகிறது. 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். 2,600 ஆண்டுப் பழமையான கரித்துண்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 73 பங்கு எஞ்சியிருக்கும். லிப்பி என்பார் 1940-களின் இறுதியில் இதனை ஒரு கடிகாரமாக்கி, 1960-இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தக் கடிகாரம் ஏன் இவ்வளவு மெதுவாக ஓடுகிறது என்பது பல்லாண்டுக் காலம் புதிராகவே இருந்தது. சற்று முன் சொன்ன ஹீலியம்-6 இதே வகையான மாற்றத்தால்தான் லிதியமாகிறது. அதற்கு ஒரு விநாடியளவே ஆகிறது. கார்பன்-14 மாறும்போது வெளிப்படும் சக்தி மிகக் குறைவு என்பது தாமதத்துக்கு ஒரு காரணம். ஆயினும் அது மட்டும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்குப் போதாது. மாற்றத்தைத் தடுக்கும் வேறொன்று கருவின் அமைப்பிலேயே இருக்க வேண்டும். 2011-இல் அமெரிக்க அறிஞர் குழு ஒன்று, ஓக் ரிட்ஜ் ஆய்வுக்கூடத்தின் பெருங்கணிப்பொறியில், பதினான்கு நியூக்ளியான்களையும் ஒருங்கே வைத்துக் கணக்கிட்டது. இருவர் விசையை மட்டும் வைத்தால் மாற்றம் தாராளமாக நிகழ வேண்டும் என்று வந்தது. மூவர் விசையைச் சேர்த்தவுடன், மாற்றத்துக்குத் துணையான பகுதிகளும் எதிரான பகுதிகளும் ஒன்றையொன்று ஏறத்தாழ முழுவதும் கழித்துவிட்டன. எஞ்சியது மிகச் சிறு துளி. அந்தத் துளியின் சிறுமையே 5,730 ஆண்டுகளின் பெருமை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கீழடியின் காலம் இந்தக் கணக்கை நம்பி நிற்கவில்லை. கார்பன்-14 பாதியாவதற்கு ஆகும் காலத்தை ஆய்வுக்கூடத்தில் நேரே அளந்திருக்கிறார்கள். மரங்களின் ஆண்டு வளையங்களோடு ஒப்பிட்டுச் சீர்செய்தும் இருக்கிறார்கள். கணக்குச் சொல்வது காரணத்தை. அந்த மூன்றாவது விசை இல்லையேல் கார்பன்-14 மிக விரைவில் தேய்ந்து போயிருக்கும். பல்லாயிரம் ஆண்டுகளை அளக்கும் கடிகாரமாக அது நமக்குப் பயன்பட்டிருக்காது. எழுத்தில் பதியாத பழங்காலத்தைப் பற்றி நாம் இத்தனை துணிவோடு பேசவும் முடிந்திராது.

இந்த ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் உள்ளே குவார்க்குகள் இருக்கின்றன. அவற்றின் விசையிலிருந்தே அணுக்கரு விசை முழுவதையும் வருவிக்க வேண்டும் என்பது அறிஞர்களின் வேட்கை. அதற்கு முதற்படியாக, ஜப்பானிய அறிஞர்கள் இஷீ, ஆவோகி, ஹட்சுடா ஆகியோர் 2007-இல், தூரத்தில் இழுத்து நெருக்கத்தில் தள்ளும் அந்தப் பழைய குணத்தைக் குவார்க்குகளின் கணக்கிலிருந்து கணிப்பொறியால் எடுத்துக் காட்டினர். மூவர் விசையையும் அவ்வாறே துல்லியமாக வருவிப்பது இன்னும் எஞ்சியுள்ள பெரும் பணி.

கணிப்பொறி சொன்னது என்பதற்காகவே ஒன்றை நம்பிவிடும் காலம் இது. அணுக்கருவைக் கணக்கிட்டவர்கள் அப்படி நம்பவில்லை. ஒரு விடை வந்தால் வேறு முறையால் செய்து பார்த்தார்கள்; தொகை ஒத்துவராத இடத்தில் அதை மறைக்காமல் எடுத்து வைத்தார்கள்; புகுத்திய விசைக்குப் புதிய கருக்களிடம் சாட்சி கேட்டார்கள். நான்கு அலகுக் குறையை ஒரு சிறு பிழையென்று ஒதுக்கியிருந்தால், மூன்றாமவரின் விசை புலப்பட்டிராது. கார்பன் கடிகாரத்தின் நிதானமும் விளங்கியிராது. கணக்கில் உதைக்கும் சிறு தொகையை விடாமல் துருவிப் பார்க்கும் அந்தப் பொறுமை, எந்த அலுவலில் இருப்பவருக்கும் வேண்டியதே.